உஷார்! டிஸ்க் போட்ட பழைய காரில் பிரேக் குறைகிறதா? திறப்பைக் கழற்றி வையுங்கள்

பழைய ஒஸ்ரினுக்கோ மொறிஸ் மைனருக்கோ முன் சில்லுகளில் டிஸ்க் பிரேக் மாற்றியிருக்கிறீர்களா? மாற்றிய பிறகு பெடல் இறுகி நிற்க, கார் மட்டும் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறதா? அல்லது பெடல் மெத்தென்று அமுங்கி அடிவரை போய், இரண்டாம் தரம் மிதித்தால்தான் பிடிக்கிறதா? அப்படியென்றால் அந்தக் காரை இன்றைக்கு வீதிக்கு எடுக்காதீர்கள். நாளைக்கு ஒரு கலியாணத்துக்கு மாப்பிள்ளை ஏற்ற ஒப்புக்கொண்டிருந்தாலும் வேண்டாம். வேறு கார் பிடித்துக் கொடுங்கள்.

கராஜில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "புதுப் பேட்தானே அண்ணை, ஓட ஓடப் பிடிக்கும்." இந்தப் பதிலில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் ஆட்கள் நம்பி ஏமாறுகிறார்கள். புதுப் பேட்டும் புது டிஸ்க்கும் ஒன்றோடொன்று முகம் பொருந்தக் கொஞ்சம் ஓட வேண்டும் என்பது சரி. ஆனால் அது வெற்று வீதியில் படிப்படியாகப் பத்து இருபது தரம் நிறுத்தி எடுத்தால் முடிந்துவிடும் வேலை. கிழமைக்கணக்காகப் பிடிக்காத பிரேக், மாதக்கணக்கில் ஓடியும் பிடிக்கப்போவதில்லை. எங்கோ ஒரு உறுப்பு மற்றதோடு பொருந்தவில்லை. அதைக் கண்டுபிடிக்காமல் ஓடுகிற ஒவ்வொரு கிலோமீற்றரும் அடுத்தவரின் உயிரைப் பந்தயம் வைத்து ஓடுவது.

டிஸ்க் போடுகிற ஆசையில் தவறில்லை. யாழ்ப்பாணத்துக்கு அது மிகவும் நியாயமான ஆசை. 1990 இல் பொருளாதாரத் தடை விழுந்த பிறகு இந்தக் கார்கள்தான் எங்களைச் சுமந்தன. பெற்றோல் கிடையாத அந்த வருடங்களில் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். குண்டும் குழியுமான வீதியில் போன மெதுவான வேகத்துக்கு டிரம் பிரேக் தாராளமாகப் போதுமாக இருந்தது. 2009 இல் ஏ-9 வீதி மறுபடி திறந்து, பிறகு வீதிகளுக்குக் காப்பெற் போட்டதும் எல்லாமே மாறிவிட்டது. அதே ஒஸ்ரின் ஏ-40, அதே கேம்பிரிட்ஜ், அதே மைனர் இப்போது புது வான்களுக்கும் பஸ்களுக்கும் நடுவில் ஓடுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்கள் மறுபடி வர 2025 பெப்ரவரி ஆயிற்று. அந்த ஐந்து வருடத்தில் பழைய காரை வைத்திருந்தவர்கள் அதையே புதுப்பித்தார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகள், அப்பாவின் காரைத் தூசி தட்டி எடுத்து, லண்டனிலிருந்து டிஸ்க் கிட் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேறு சிலர் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பான் காரின் பாவித்த கலிப்பர் வாங்கி, பிராக்கெற் அடித்துப் பூட்டினார்கள். இரண்டிலும் நல்ல வேலையும் உண்டு, பயங்கரமான வேலையும் உண்டு.

பயங்கரமான வேலை இங்கே வெளியில் தெரிவதே இல்லை. குடாநாடு தட்டை நிலம். இறக்கம் இல்லை, வளைந்து இறங்கும் மலை வீதி இல்லை. பிரேக் பாதிப் பலத்தில் இருந்தாலும் ஓட்டுபவரின் கால் அதற்குப் பழகிக்கொள்ளும். சந்தி வருமுன்பே அக்சிலேற்றரை விட்டு, கியரைக் குறைத்து, கார் தானாக அடங்கப் பார்த்துக்கொள்வார். "எனக்கு ஒரு குறையுமில்லை, நல்லாத்தானே நிக்குது" என்று சொல்வார். உண்மையில் காரை நிறுத்துவது பிரேக் இல்லை, அவருடைய பழக்கம். ஒழுங்கைக்குள்ளிருந்து ஒரு பள்ளிப் பிள்ளை சைக்கிளோடு குறுக்கே வரும் அன்றைக்குப் பழக்கம் உதவாது. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தது. காவலில்லாத கடவைகளும் அதோடு திரும்பி வந்தன. அங்கேயும் பழக்கம் உதவாது.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் காய்ந்த வீதியில் ஒழுங்கான பிரேக் உள்ள பழைய கார், மிதித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 15 மீற்றரில் நிற்கும். பிரேக்கின் பலம் பாதியானால் 30 மீற்றர். காலை எடுத்துப் பெடலில் வைக்கப் போகும் ஒரு விநாடியில் ஓடும் 14 மீற்றர் இதில் சேரவில்லை.

அரசாங்கம் கண்டுபிடிக்கும் என்றும் இருக்க முடியாது. சொந்தக் காருக்கு வருடாவருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை கட்டாயம். பிரேக் பரிசோதனை கேட்பதில்லை. முன் சில்லில் என்ன பூட்டியிருக்கிறது என்று குனிந்து பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள்.

டிஸ்க் போட்டால் பிரேக் எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். டிரம்முக்குள் இருக்கும் முன்சூ, டிரம் சுற்றும் திசையிலேயே இழுபட்டுத் தன்னைத் தானே இன்னும் இறுக்கிக்கொள்ளும். மொறிஸ் மைனரின் முன் சில்லில் இரண்டு சூவும் முன்சூவாகவே அமைந்தவை. அதனால் காலின் சிறு விசைக்கே பெரிய பிடி கிடைத்தது. டிஸ்க்குக்கு இந்தத் தானாக இறுகும் குணம் இல்லை. கால் எவ்வளவு அழுத்தம் அனுப்புகிறதோ அவ்வளவுதான் பிடிக்கும். டிஸ்க்கின் நன்மை வேறு: சூடானாலும் பிடி எளிதில் தளராது, தண்ணீருக்குள் இறங்கி ஏறினாலும் சீக்கிரம் காய்ந்துவிடும், ஒரு பக்கமாக இழுக்காது. அந்த நன்மை கிடைக்க, டிரம்முக்குத் தேவைப்பட்டதைவிட மிக அதிகமான ஒயில் அழுத்தம் வேண்டும். 1948 இல் உற்பத்தி தொடங்கிய மைனரும் சரி, கேம்பிரிட்ஜ் ஏ-55, ஏ-60 உம் சரி, தொழிற்சாலையிலிருந்து நாலு சில்லும் டிரம்மாகத்தான் வந்தன. மாஸ்டர் பம்ப், பெடலின் நீளம், பின் வீல் பம்ப் எல்லாம் அந்த டிரம்முக்கு அளந்து செய்தவை. முன் சில்லை மட்டும் மாற்றிவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டால் அந்தக் கணக்கு முழுவதும் குலைந்துபோகும்.

முதலில் பெடல் இறுகியிருந்தும் பிடிக்காத காரைப் பார்ப்போம். இது மாஸ்டர் பம்ப் பெருத்துப்போன காராக இருக்கலாம். "பெரிய பம்ப் போட்டால் நல்லாப் பிடிக்கும்" என்ற நம்பிக்கை எங்கள் கராஜ்களில் ஊறிக் கிடக்கிறது. உண்மை நேர் எதிர். காலால் 60 றாத்தல் விசையில் மிதிக்கிறீர்கள், பெடல் அதை ஐந்து மடங்காக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பின் பிஸ்ரனில் 300 றாத்தல் விழும். மைனரில் இருப்பதைப் போன்ற 7/8 அங்குலப் பம்ப் என்றால் குழாயில் சதுர அங்குலத்துக்கு 500 றாத்தல் அழுத்தம். வான் ஒன்றிலிருந்து 1 அங்குலப் பம்பைக் கழற்றிப் பூட்டினால் அதே காலுக்கு 380 தான். 3/4 அங்குலம் என்றால் 680. டிஸ்க்கால் அவசரமாக நிறுத்தக் கலிப்பரில் 800, 1000 றாத்தல் வேண்டிவரும். பெரிய பம்ப் பெடலை உயர்த்திக் காலுக்கு உறுதியாகக் காட்டும். அந்த உறுதியைத்தான் நல்ல பிரேக் என்று எண்ணி ஏமாறுகிறோம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சின்னப் பம்ப் பூட்டவும் வேண்டாம். பம்ப் சிறுத்தால் அழுத்தம் கூடும், ஆனால் பெடல் இன்னும் ஆழம் போகும். கலிப்பரின் பிஸ்ரனை அளந்து, அதற்குப் பொருந்தும் பம்பைத்தான் தேட வேண்டும். கலிப்பர் எந்தக் காருடையதோ அந்தக் காரின் மாஸ்டர் பம்ப் என்ன அளவு, அதில் வெற்றிடத்தால் காலின் விசையைக் கூட்டும் பூஸ்டர் இருந்ததா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

பூஸ்டர் என்றதும் யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு கண்ணியைச் சொல்ல வேண்டும். இங்கே ஓடும் எத்தனையோ ஒஸ்ரின்களின் வயிற்றில் இப்போது ஜப்பான் டீசல் எஞ்சின்தான். பெற்றோல் எஞ்சின் தன் இன்ரேக் குழாயில் தானே வெற்றிடத்தை உண்டாக்கும். பூஸ்டரின் ஹோஸை அங்கே பூட்டினால் வேலை முடிந்தது. டீசல் எஞ்சினில் அந்த வெற்றிடம் கிடையாது. அதற்குத் தனியாக வெற்றிடப் பம்ப் வேண்டும். பல ஜப்பான் டீசல்களில் அது ஓல்டனேற்றரின் பின்புறத்தில் சேர்ந்தே வரும். எஞ்சினை மாற்றிய காலத்தில் காருக்குப் பூஸ்டர் இல்லை. அதனால் பம்ப் இல்லாத ஓல்டனேற்றரைப் பூட்டியிருப்பார்கள், அல்லது பம்புக்குப் போகும் ஒயில் குழாயை அடைத்திருப்பார்கள். வருடங்கள் கழித்து வேறொரு கராஜில் டிஸ்க்கும் பூஸ்டரும் ஏறுகிறது. ஹோஸ் எங்கோ பூட்டியிருக்கிறது, பூஸ்டர் பளபளவென்று இருக்கிறது, ஆனால் உள்ளே உறிஞ்ச ஒன்றுமில்லை. பூஸ்டர் வைத்த காருக்கு ஏற்றபடி பெடலின் நெம்புகோலையும் குறைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இதை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து தரம் மிதியுங்கள். பிறகு அழுத்திப் பிடித்தபடியே ஸ்ராட் பண்ணுங்கள். பெடல் காலுக்குக் கீழே சற்று இறங்கினால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது. அசையாமல் நின்றால் வெற்றிடம் வரவில்லை, அல்லது ஹோஸில் உள்ள ஒருவழி வால்வு திரும்பிப் பூட்டப்பட்டிருக்கிறது, அல்லது பூஸ்டரின் ரப்பர் கிழிந்துவிட்டது. பெற்றோல் எஞ்சின் என்றாலும் வால்வுகள் தேய்ந்து கரி பிடித்த கிழ எஞ்சின் போதிய வெற்றிடம் தராது. அதையும் மனதில் வையுங்கள்.

அடுத்தது மெத்தென்று இறங்கும் பெடல். "நாலு தரம் எயர் எடுத்தாச்சு, இன்னும் வருது" என்று மெக்கானிக் அலுத்துக்கொண்டால், கீழே குனிந்து கலிப்பரின் எயர் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது மேல் நுனியில் இருக்க வேண்டும். இடப் பக்கக் கலிப்பரை வலப் பக்கம் மாற்றிப் பூட்டினால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே தங்கும், கீழ் நிப்பிளால் சுத்தமான ஒயில் மட்டும் வந்துகொண்டேயிருக்கும். நாள் முழுக்க எயர் எடுத்தாலும் அந்தக் காற்று வெளியேறாது. வேறு காரின் கலிப்பரை பிராக்கெற் அடித்துப் பூட்டும்போது இந்தப் பிழை சுலபமாக நடக்கும். பழைய ரப்பர் ஹோஸை மாற்றாமல் விட்டிருந்தாலும் இதே மெத்தென்ற உணர்வு வரும். ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். அது வீங்குவது தெரிந்தால் வெட்டி எறியுங்கள்.

மொறிஸ் மைனர்காரர்கள் இனி வருவதைக் கவனமாக வாசிக்க வேண்டும். உங்கள் காரின் மாஸ்டர் பம்ப் பொனற்றுக்குள் இல்லை. சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே, சட்டத்துக்குள் கிடக்கிறது. ஒயில் விட வேண்டுமென்றால் கம்பளத்தை விலக்கி மூடியைத் திறக்க வேண்டும். அந்தப் பம்பின் கோடியில், டிரம் பிரேக்குக்கென்று ஒரு சின்ன வால்வு உண்டு. மிதியை விட்ட பிறகும் குழாயில் ஏறக்குறைய 8 முதல் 10 றாத்தல் அழுத்தத்தை அது தக்கவைக்கும். டிரம்மில் வலுவான ஸ்பிரிங் சூவைப் பின்னால் இழுப்பதால் அது தேவை. கலிப்பரில் அந்த ஸ்பிரிங் இல்லை. அந்தப் பத்து றாத்தல் போதும், பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்க. கார் கொடிகாமம் தாண்டுமுன் சில்லு கொதிக்கும். பேட் பளிங்காகிப் பிடி போகும். ஒயில் கொதித்து ஆவியானால் பெடல் ஒரேயடியாகத் தரைக்குப் போகும். ஆகவே அந்த வால்வை எடுக்க வேண்டும்.

எடுத்தால் மறுபக்கச் சிக்கல் வருகிறது. பம்ப் கலிப்பரின் மட்டத்துக்குக் கீழே கிடந்தால், கார் நிற்கும்போது ஒயில் மெல்லப் பின்னால் வடிந்து பேட் விலகிவிடும். காலையில் முதல் மிதி வெறுமையாகப் போகும், இரண்டாம் மிதி பிடிக்கும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு: 48 மில்லிமீற்றர் பிஸ்ரன் உள்ள கலிப்பர்கள் இரண்டிலும் பிஸ்ரன் வெறும் 1 மில்லிமீற்றர் பின்வாங்கினால், 7/8 அங்குலப் பம்பில் பெடல் ஏறத்தாழ நாலரை சென்ரிமீற்றர் வீணாக இறங்கும். இதற்கு மருந்து, முன் குழாயில் 2 றாத்தல் தக்கவைக்கும் வால்வும் பின் டிரம் குழாயில் 10 றாத்தல் வால்வும் தனித்தனியே பூட்டுவது. சின்னச் சாமான்கள். கிட் அனுப்பும் உறவினரிடம் இவை இரண்டையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

முதல் மிதி வெறுமையாகப் போவதற்கு வேறு காரணங்களும் உண்டு. பின் டிரம்மின் சூவை அட்ஜஸ்ட் பண்ணாமல் விட்டிருக்கலாம். முன் ஹப் பெயரிங் ஆடினால் டிஸ்க் தள்ளாடி ஒவ்வொரு வளைவிலும் பேட்டைத் தள்ளிவிடும். பெடலை ஒரே சீராக அழுத்திப் பிடிக்கும்போது அது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால், வெளியில் கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் பம்பின் உள் ரப்பர் போய்விட்டது.

மண்ணெண்ணெய் விஷயம் தனியாகச் சொல்லப்பட வேண்டும், ஏனென்றால் அது எங்கள் கையோடு ஒட்டிய பழக்கம். எந்தச் சாமானைக் கழற்றினாலும் மண்ணெண்ணெயில் கழுவி வைக்கிறோம். பிரேக் சாமானுக்கு அது நஞ்சு. பிரேக் ரப்பர் மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் பட்டால் ஊதிப் பெருக்கும். பெருத்த ரப்பர் பம்பின் திரும்பு துவாரத்தை அடைத்தால் பிரேக் பிடித்தது பிடித்தபடி நிற்கும். டிஸ்க்கில் பட்டால் மெல்லிய எண்ணெய்ப் படலம் தங்கிப் பேட்டுக்குள் ஊறும். ஊறிய பேட்டைத் தேய்த்து மீட்க முடியாது, மாற்றவே வேண்டும். புது டிஸ்க் துருப்பிடிக்காதிருக்க எண்ணெய் பூசித்தான் வரும். அதையும் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டே பூட்ட வேண்டும். பம்பின் உள்ளுறுப்புகளைப் பிரேக் ஒயிலிலேயே கழுவுங்கள்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நாலு பக்கமும் கடலும் கடல்நீரேரியும் உள்ள எங்கள் ஊரில் இதைக் கேட்கவே வேண்டாம். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 பாகை, ஈரம் ஏறிய பிறகு 140. டொட் 4 என்றால் 230, 155. கடை மூலையில் மூடி திறந்து கிடந்த அரைப் போத்தலை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பின் சில்லுகளில் இருக்கும் ஆபத்தைப் பலர் நினைப்பதே இல்லை. முன்னால் டிஸ்க்குக்கு அழுத்தம் போதாமல், பின்னால் டிரம் பழைய பலத்தோடு பிடித்தால், அவசரத்தில் பின் சில்லுகள் முதலில் பூட்டிக்கொள்ளும். வீதியோர மணலிலோ முதல் மழையிலோ காரின் பின்புறம் பக்கவாட்டில் சுழன்று எதிர்ப்பக்கம் போகும். ஓட்டுபவரால் அதைத் திருப்ப முடியாது. இதற்கு அழுத்தத்தைப் பங்கிடும் வால்வை, திருகிச் சரிசெய்யக்கூடிய வகையில், பின் குழாயில் பூட்ட வேண்டும். சில இடங்களில் இதற்கு ஒரு "சுகமான" வழி செய்கிறார்கள்: பின் குழாயை அடைத்துவிடுகிறார்கள். உங்கள் காரில் அப்படிச் செய்யப்பட்டிருந்தால் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். இரண்டு சில்லுப் பிரேக்கோடு ஒரு காரை வீதியில் விடுவது குற்றம் என்றே நான் நினைக்கிறேன்.

இந்தக் கார்களின் பழைய மாஸ்டர் பம்ப் ஒற்றைச் சுற்று. எங்காவது ஒரு குழாய் ஒழுகினால் நாலு சில்லும் ஒரே கணத்தில் போய்விடும். இவ்வளவு செலவழித்து டிஸ்க் போடும்போது முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை உள்ள இரட்டைப் பம்பையும் போட்டுவிடுவதுதான் நியாயம். அதுவரைக்கும் மிஞ்சியிருக்கும் ஒரே துணை ஹாண்ட்பிரேக். அதன் கேபிள் இறுகிப்பிடிக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

எல்லாம் சரிசெய்தாயிற்று என்று சொன்ன பிறகும் நேரே கொழும்புக்கு வெளிக்கிடாதீர்கள். நுவரெலியா போகும் எண்ணம் இருந்தால் அதை இன்னும் தள்ளிவையுங்கள். தட்டை நிலத்தில் தெரியாத உரசலும் சூடும் ரம்பொடை இறக்கத்தில்தான் தெரியவரும். ஆளில்லாத நேரத்தில், மணல் இல்லாத காப்பெற் வீதியில், ஒரு அடையாளம் வைத்து 30 கிலோமீற்றர் வேகத்தில் மிதித்துப் பாருங்கள். ஐந்தரை, ஆறு மீற்றருக்குள் நேராக நிற்க வேண்டும். நின்றால் மட்டும் 50 க்குப் போங்கள், அதற்கு 15 மீற்றர். நாடா வைத்து அளந்து பாருங்கள், கண்மதிப்பு வேண்டாம். பிறகு பத்துக் கிலோமீற்றர் சாதாரணமாக ஓடிவிட்டு நாலு சில்லின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் அது விடாமல் உரசுகிறது.

அளவு தவறினால் காரை கராஜுக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். வரும்போது கலிப்பரின் நிப்பிள் துளையில் பூட்டிப் பார்க்கும் அழுத்தமானியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒருவர் பலமாக மிதிக்க, முள் 800 ஐத் தொடாமல் 400 இலோ 500 இலோ நின்றால், "ஓட ஓடப் பிடிக்கும்" என்று அவர் மறுபடி சொல்லமாட்டார். பம்பையும் பூஸ்டரையும் அளக்கத் தொடங்குவார்.